ஆறு கல்லும் ஒரு சுற்றும்

நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கிய இரண்டு மணி நேரத்துக்குள், எனக்குக் கொடுக்கப்பட்டிருந்த ஒரே பொறுப்பைத் தொலைத்துவிட்டேன்.

அந்தப் பொறுப்பு ஒரு சோடிச் சப்பாத்து. இங்கே எல்லோரும் ஷூ என்கிறார்கள். ஆரஞ்சு நிறம். கையில் எடுத்தால் பறவையின் எலும்பைத் தூக்கியதுபோல் பாரமே தெரியாது. யாழ்ப்பாணத்தில் என் அக்காவின் மகள் தர்சினி ஓட்டக்காரி. எட்டு வருடங்களுக்கு முன் கொழும்பில் நடந்த ஒரு போட்டியில், ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில், அமலா என்ற தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண்ணிடம் தோற்றாள். தோற்ற கையோடு அவளுடைய தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து கிழமைக்கு ஒருமுறை இருவரும் பேசுகிறார்கள். இந்த வருடம் தர்சினிக்கு முழங்கால் வீங்கிவிட்டது. டொரன்டோவிலிருந்து வந்த சப்பாத்து பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

"மாமா, நீங்கள் சும்மாதானே இருக்கிறீங்கள். கொண்டுபோய் அமலா அக்காட்டைக் குடுத்திட்டு வாங்கோ. ஞாயிற்றுக்கிழமை அவவுக்குப் பெரிய ஓட்டம்" என்றாள்.

சும்மா இருக்கிறவன் என்பதை மறுக்க முடியவில்லை. ஐம்பத்திரண்டு வயதில், ஓரிடத்தில் உட்கார்ந்தால் கால் கடுக்கிற ஆள் நான். கடலைக் கடந்தேன்.

வழியில் ஒரு தேநீர்க் கடையோரம் பேருந்து நின்றது. பத்து நிமிஷம் என்றார் கண்டக்டர். எங்கள் ஊரில் பத்து நிமிடம் என்றால் அதற்கு ஒரு மரியாதை உண்டு, குறைந்தது இருபது ஆகும். இங்கே ஏழாவது நிமிடத்தில், நான் பருப்பு வடையின் இரண்டாவது கடியில் இருக்கும்போது, பேருந்து என் பையோடு புறப்பட்டுப் போனது.

"சாருக்குக் கேரளாவா?" என்று கேட்டார் கடைக்காரர். நான் கூச்சலிட்ட தமிழ் அவருக்கு அப்படிக் கேட்டிருக்கிறது.

"இல்லை, யாழ்ப்பாணம்."

"அட, நம்மாளு. உக்காருங்க. அந்தக் கண்டக்டர் நம்பர் என்கிட்ட இருக்கு. கூத்தாநல்லூர்ல எறக்கி எதிர்ல வர்ற வண்டியில ஏத்திடச் சொல்றேன். இன்னொரு வடை சாப்டுங்க."

இரண்டு வடையும் ஒரு தேநீரும் ஆன பிறகு எதிர்ப் பேருந்து வந்தது. அதன் கண்டக்டர் ஒரு கையில் என் பையோடு படியில் தொங்கியபடி வந்தார். சப்பாத்து இரண்டும் நாடாவால் முடிச்சிட்டு அவர் கழுத்தில் மாலையாகக் கிடந்தன.

"இது உங்களுதா? போட்டுக் காட்டுங்க பாப்போம்."

என் பாதத்தில் பாதிதான் அதற்குள் போனது. பேருந்தில் இருந்தவர்கள் சன்னல் வழியே தலையை நீட்டிச் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொன்னேன்.

"அமலாக்காவுக்கா? வாய்க்கா கரையில ஓடுமே, அந்த அக்காதானே? இத மொதல்லயே சொல்லியிருந்தா நேரா வீட்டுலயே குடுத்திருப்போமே" என்றார் அவர், ஏதோ நான்தான் பிழை விட்டதைப்போல.

அமலாவின் வீடு வாய்க்கால் முடிகிற இடத்தில், கடைமடை ஊரில் இருக்கிறது. அவளுக்கு முப்பத்து நாலு வயது. கணவர் சகாயம் கதிரறுக்கும் இயந்திரம் ஓட்டுபவர். அறுவடை இல்லாத மாதங்களில் குட்டியானை என்று இவர்கள் சொல்லும் சின்னச் சரக்கு வண்டி. மூன்று வயதில் ஒரு மகள். அவள் என்னைப் பார்த்ததும் வேதக்கோயிலில் ஃபாதருக்குச் சொல்வதுபோல் கைகூப்பி "ஸ்தோத்திரம்" சொல்லிவிட்டு ஓடிப்போனாள்.

அமலா சப்பாத்தை மோந்து பார்த்தாள். வளைத்துப் பார்த்தாள். போட்டுக்கொண்டு முற்றத்தில் நாலடி துள்ளினாள். கழற்றித் துணியில் சுற்றி வைத்துவிட்டாள்.

"ஞாயித்துக்கெழம இதப் போட மாட்டேன்ணே. புது ஷூவுல பந்தயம் ஓடுனா காலு பழுத்துடும். தர்சினிகிட்ட சொல்லிடாதீங்க."

கடல் கடந்து வந்த பொருளுக்கு இந்த வரவேற்பு. எனக்குச் சிரிப்பு வந்தது.

இரவுச் சாப்பாடு குளத்து விரால் குழம்பு. நாங்கள் கடல் மீன்காரர்கள். இந்த மீனில் உப்பு இல்லை, சேற்றின் மெல்லிய வாசம் உண்டு. மூன்றாவது கவளத்தில் அந்த வாசம் பிடித்துப்போனது. நாலாவதில் தட்டை நீட்டினேன். சாப்பிட்டுக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை விஷயத்தை அமலா சொன்னாள்.

தஞ்சாவூரில் பத்தாயிரம் மீட்டர். முதல் இரண்டு பேர் தேசியப் போட்டிக்குப் போகலாம். திருச்சிப் பக்கம் ஒரு தங்கும் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு விளையாட்டு டீச்சர் வேலை தயாராக இருக்கிறது. நல்ல வேலை, வீடும் தருகிறார்கள். ஆனால் போட்டிக்கென்று ஒரு நாள்கூட லீவு கிடையாது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"ரெண்டாவதுக்குள்ள வந்தா இன்னும் ஒரு வருஷம் ஓடுவேன். வரலன்னா திங்கக்கெழம போன் பண்ணி வர்றேன்னு சொல்லிடுவேன். அவ்ளோதான். யாரும் அழக்கூடாதுன்னு வீட்ல சொல்லிட்டேன்."

"நான் எங்க அழுதேன்?" என்றார் சகாயம், குழம்பைப் பார்த்துக்கொண்டு.

மறுநாள் காலை அவள் மெதுவாக ஓட, நான் சகாயத்தின் சைக்கிளில் பக்கத்தில் போனேன். வாய்க்கால் கரை நேர்கோடு போடத் தெரியாத ஒருவன் போட்ட கோடு. வளைந்து, யோசித்து, மறுபடி வளைகிறது. வாய்க்காலில் தண்ணீர் இல்லை. மேட்டூர் திறந்தாயிற்று, கல்லணை திறந்தாயிற்று, இன்றோ நாளையோ இங்கே வரும் என்றார்கள். நாலாம் கல் தாண்டியதும் அதைச் சந்தித்தோம்.

தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நுரையையும் சருகையும் ஒரு ரப்பர்ச் செருப்பையும் முன்னே தள்ளிக்கொண்டு, வெடித்த மண்ணை ஒவ்வொரு பிளவாக நிரப்பிப் பார்த்து, நிரம்பிய பிறகு அடுத்த அடி வைத்து, கிழவர் நடையில். அதன் பின்னால் கொக்குகள் வரிசையாக நடந்து வந்தன. நான் சைக்கிளைப் போட்டுவிட்டு இறங்கிவிட்டேன். எங்கள் ஊரில் ஆறு கிடையாது. தண்ணீர் என்றால் கிணறு, தண்ணீர் என்றால் கீழேயிருந்து மேலே இழுக்க வேண்டியது. அது பக்கவாட்டில், தானாக, கால் முளைத்து வரும் என்று ஐம்பத்திரண்டு வயதில்தான் பார்க்கிறேன்.

"வாங்கண்ணே, அது நம்ம ஊருக்கு வர சாயங்காலம் ஆயிடும். நாம முன்னாடி போய்ச் சொல்லிடலாம்" என்று சிரித்தாள் அமலா.

கல் என்று சொன்னேனே, அதுதான் இவள் ஓட்டத்தின் முழுக் கதை. வாய்க்கால் தலைப்பிலிருந்து அவள் ஊர்வரை கரையோரம் ஆறு பழைய கற்கள். ஒவ்வொன்றிலும் எண் செதுக்கியிருக்கிறது. முதல் கல் அய்யனார் கோயில் எதிரே. இரண்டாவது ரைஸ்மில். மூன்றாவது மூணுகண் மதகு. நாலாவது குருசடி, அதாவது சிலுவை நாட்டிய சின்ன ஜெபக்கூடம். ஐந்தாவது பனந்தோப்பு. ஆறாவது அவள் வீட்டு வாசல்.

கதையை அவளுடைய அப்பா அந்தோணிசாமி வாயால் கேட்க வேண்டும் என்றாள். அவர் ஐந்தாம் கல் பக்கத்தில் நாற்றங்காலுக்கு வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார். பண்ணையில் கூலி வேலை பார்த்து, பிறகு முக்கால் ஏக்கர்கூட வராத இரண்டு மா நிலம் சொந்தமாக்கிக்கொண்டவர்.

"அத எதுக்கு வெளியூர்க்காரர்கிட்ட சொல்லணும்? மானத்த வாங்கவா?" என்றார். ஆனால் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டுச் சொல்லத் தயாராகிவிட்டார்.

அமலா ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போது பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர், மூன்று கிலோமீட்டரைப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் ஓடினால் மாவட்டப் போட்டிக்கு அழைத்துப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அப்பா மகளை ஊரிலிருந்து மூன்று கல் ஓடவிட்டு, மூணுகண் மதகில் கைக்கடிகாரத்தோடு நின்றார். இருபத்து நாலு நிமிடம். மறுநாளும் ஓடவிட்டார். ஒரு வருடம் ஓடவிட்டார். இருபதுக்குக் கீழே இறங்கவேயில்லை.

"நான் இவள வாய்க்கு வந்தபடி திட்டுனேன் தம்பி. சோத்தக் கொறச்சேன், அப்புறம் கூட்டுனேன். முட்ட குடுத்தேன். வேளாங்கண்ணிக்கு நடந்து போனேன். ஒண்ணும் நடக்கல. ஒருநாள் மதகுல லஸ்கர் வந்தாரு, ஷட்டர் தொறந்து மூடுறவரு. என்னய்யா தெனம் வாட்ச்ச பாத்துக்கிட்டு நிக்கிறன்னு கேட்டாரு. சொன்னேன். அவரு சைக்கிள்லேருந்து எறங்கி அப்படியே குந்திட்டாரு."

"ஏன்?"

"யோவ், இது வெள்ளக்காரன் நட்ட கல்லு, மைலுய்யான்னாரு. மூணு மைலுன்னா அஞ்சு கிலோமீட்டராம்ல."

அமலா சிரிப்பை அடக்கிக்கொண்டு கீழே பார்த்தாள்.

"எனக்கென்ன தெரியும்? நாங்க கல்லுன்னுதான் சொல்லுவோம். அணா போய் பைசா வந்த மாதிரி, கல்லு போய் கிலோமீட்டர்னு பேர மாத்திட்டாங்கன்னு நெனச்சேன். ஒரு வருஷம் அந்தப் புள்ளய அஞ்சு கிலோமீட்டர் ஓடவிட்டு, மூணு கிலோமீட்டருக்குண்டான திட்டத் திட்டியிருக்கேன்."

"அந்தத் திட்டுலதான்ணே நான் ரன்னர் ஆனது" என்றாள் அமலா. "மாவட்டப் போட்டியில மூவாயிரம் முடிஞ்சப்ப எனக்கு மூச்சே வாங்கல. மாஸ்டர்கிட்ட போய், சார் மீதி எங்கன்னு கேட்டேன்."

அதன் பிறகு எல்லாம் வந்தது. பல்கலைக்கழகத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு மீட்டர், கொழும்பு, ஐயாயிரம் மீட்டரில் தேசிய அளவில் ஒரு நாலாம் இடம். கல்யாணம், பிள்ளை, இரண்டு வருட இடைவெளி. திரும்பி வந்தபோது வேகம் குறைந்திருந்தது, பத்தாயிரத்துக்கு மாறினாள். "காலுக்கு வயசாக ஆக தூரம் நீளும்ணே. இதுக்கு மேல மாரத்தான்தான். அதுக்கு மேல பாதயாத்திர."

ஆனால் இன்றுவரை அவளுக்குக் கிலோமீட்டர் உடம்பில் ஏறவில்லை. கல்தான் கணக்கு. மைதானத்தில் நாலு சுற்று ஓடினால் ஏறக்குறைய ஒரு கல். பத்தாயிரம் மீட்டர் என்பது இருபத்தைந்து சுற்று. ஆறு கல்லும் ஒரு சுற்றும். சகாயம் தடத்தின் ஓரத்தில் நின்று நாலு சுற்றுக்கொரு தடவை கல்லின் பெயரைக் கத்துவார். அவள் மனதுக்குள் வாய்க்கால் கரையில் வீட்டை நோக்கி ஓடிக்கொண்டிருப்பாள்.

சனிக்கிழமை குட்டியானையில் தஞ்சாவூர் போனோம். ஒரு ரயில்வே கேட்டில் வண்டி நின்றது, கேட் திறந்த பிறகும் நின்றது. சகாயம் இறங்கி எதையோ தட்டினார். பின்னால் நின்ற லாரிக்காரர், "அண்ணே, அடுத்த ரயிலும் போயிடட்டும்னு பாக்குறீங்களா?" என்று விசாரித்தார். நானும் இன்னும் நாலு பேரும் தள்ளினோம். அமலா தள்ள இறங்கியபோது அந்த லாரிக்காரரே கையை நீட்டி மறித்தார். "நீங்க ஓடுறவங்கதானே? காலப் பாத்தாலே தெரியுது. ஏறி உக்காருங்க."

மாலையில் பெரிய கோயிலுக்குப் போனேன். அண்ணாந்து பார்த்தேன். அது தன்னைப் பற்றி எழுதச் சொல்லி என்னைக் கேட்கவில்லை. வெளியே வந்து அசோகா அல்வா வாங்கித் தின்றேன், கையெல்லாம் நெய். எங்கள் ஊர்த் தொதல் இனிப்புக்குப் பல் வேண்டும். இதற்கு நாக்கு மட்டும் போதும்.

மைதானத்தில் அமலா எனக்கு ஒரு பெண்ணைக் காட்டினாள். கறுத்து மெலிந்த உடம்பு, பத்தொன்பது வயது, பெயர் பவித்ரா.

"வேதாரண்யம். உப்பளத்து ரோட்டுல ஓடி வளந்த புள்ள. சென்னையிலேருந்து ஒரு நெட்டப் பொண்ணு வந்திருக்கு, அவள யாரும் தொட முடியாது. மொத எடம் அவளுக்குத்தான். என் ரெண்டாவது எடம் இவகிட்ட இருக்கு."

பவித்ரா எங்களைப் பார்த்து வந்தாள். "அக்கா, நீங்க ரிட்டயர் ஆகப்போறீங்கன்னு சொன்னாங்களே?"

"யாருடி சொன்னது?"

"பொதுவா பேசிக்கிட்டாங்க."

"பொதுவா நாளைக்குப் பாக்கலாம். பத்தாயிரம் ஓடியிருக்கியா?"

"இதான் மொதத் தடவ."

"பாத்து ஓடு. ரொம்ப நீளம்" என்றாள் அமலா. அதில் கேலி எவ்வளவு, அக்கறை எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஒன்பது பெண்கள் கோட்டில் நின்றார்கள். வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். அமலாவின் காலில் பழைய நீலச் சப்பாத்து. துப்பாக்கி வெடித்ததும் மரத்தில் இருந்த கிளிகள் எல்லாம் கிளம்பின.

பத்தாயிரம் மீட்டர் பார்ப்பது பொறுமைசாலிகளின் வேலை. முதல் ஐந்து நிமிடத்தில் நான் மூன்று தடவை எழுந்து உட்கார்ந்தேன். நாலாம் சுற்று முடிவில் சகாயம் கைகளைக் குவித்துக் கத்தினார்: "அமலா, அய்யனார் கோயில்!"

பக்கத்தில் நின்ற நடுவர் திரும்பினார். "என்னங்க, வேண்டுதலா?"

"இல்ல சார், கல்லு."

நடுவர் சற்று நேரம் அவரைப் பார்த்துவிட்டு, இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

ரைஸ்மில் தாண்டியது. சென்னைப் பெண் தனியாகப் பிரிந்து போனாள். மூணுகண் மதகில் பவித்ராவும் அமலாவும் ஒன்றாக இருந்தார்கள், ஒருத்தியின் நிழல் மற்றவளின் கால். குருசடியில் பவித்ரா பத்து மீட்டர் முன்னே போனாள். "பனந்தோப்பு!" என்று சகாயம் கத்தியபோது அது ஐம்பது மீட்டர் ஆகியிருந்தது. அமலாவின் முகத்தில் ஒன்றும் இல்லை. தோள்கள் மட்டும் காதுகளை நோக்கி ஏறிக்கொண்டிருந்தன. சகாயத்தின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நான் எங்கள் ஊர் வழக்கப்படி நல்லூர்க் கந்தனைக் கூப்பிட்டேன். அவருக்கு இந்த எல்லைக்குள் அதிகாரம் உண்டா என்று தெரியாது.

சென்னைப் பெண் எல்லோரையும் ஒரு முழுச் சுற்று முந்திக்கொண்டு வந்தாள். பவித்ராவை ஒட்டி அவள் கடந்து போன நேரம், கடைசிச் சுற்றுக்கான மணி அடித்தது. மணி சென்னைப் பெண்ணுக்கு. பவித்ராவுக்கு இன்னும் இரண்டு சுற்று இருந்தது. ஆனால் முதல் தடவை ஓடுகிற பிள்ளைக்கு மணி என்றால் மணிதான். அவள் தலையைக் குனிந்துகொண்டு பறந்தாள். அப்படியொரு ஓட்டத்தை நான் அருகில் பார்த்ததில்லை. கோட்டைத் தாண்டி, வெளி ஓரத்துக்கு நகர்ந்து, முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். நடுவர்கள் எல்லோரும் வென்றவளைச் சுற்றி நின்றார்கள். பவித்ராவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

எண்பது மீட்டர் பின்னால் அமலா வந்துகொண்டிருந்தாள். "அமலா, வீடு!" என்றார் சகாயம். ஆறாம் கல். இன்னும் ஒரு சுற்று. அவளுக்கு அது தெரியும், நிற்கிறவளுக்குத் தெரியாது. வாயை மூடிக்கொண்டு ஓடினாலே போதும், இரண்டாம் இடம் அவளுடையது, இன்னும் ஒரு வருடமும் அவளுடையது. சகாயத்துக்கும் அது புரிந்துவிட்டது. அவர் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

கோட்டைத் தாண்டும்போது அமலா தலையை மட்டும் திருப்பினாள்.

"ஏ பவித்ரா! நிக்காதடி, இன்னும் ஒரு ரவுண்டு இருக்கு! ஓடி வா!"

பவித்ரா நிமிர்ந்தாள். விழித்தாள். சுற்று எண் காட்டும் பலகையைப் பார்த்தாள். பிறகு தொண்டையிலிருந்து ஒரு சத்தத்தோடு பாய்ந்தாள். அதற்குள் அமலா முப்பது மீட்டர் முன்னே.

"லூசு" என்றார் சகாயம் மெதுவாக. என் கையை இன்னும் விடவில்லை.

முதல் வளைவில் முப்பது, எதிர்ப்பக்கத்தில் இருபது. கடைசி வளைவில் பவித்ராவின் மூச்சு எனக்கே கேட்டது. அப்போதுதான் அமலாவின் தோள்கள் இறங்கின. கைகள் பின்னோக்கி நீண்டு வீசின, முழங்கால் எழும்பியது. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடிய பழைய பெண் எங்கிருந்தோ வந்து இந்த உடம்பை வாங்கிக்கொண்டாள். நான் கத்தியது எந்த ஊர்த் தமிழ் என்று எனக்குத் தெரியாது. சகாயம் கத்தவேயில்லை. கல்லெல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

இரண்டு கை நீளத்தில் அமலா முந்தினாள்.

இருவரும் புல்லில் மல்லாந்து கிடந்தார்கள். பவித்ரா கொஞ்சம் அழுதாள், கொஞ்சம் நடுவர்களை வைதாள். சகாயம் தண்ணீரை அமலாவின் தலையில் ஊற்றிக்கொண்டே, "ஏண்டி கத்துன? ஏண்டி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"கத்தலன்னா அந்தக் கடைசி ரவுண்ட நடந்துதான் முடிச்சிருப்பேன். காலு அப்பவே செத்துடுச்சு. பின்னாடி தொரத்த ஆள் வந்ததுலதான் ஓடுனேன்" என்றாள் அமலா. பிறகு கையை நீட்டினாள். "போன குடுங்க."

"நாளைக்குத்தானே சொல்லணும்?"

"குடுங்க."

படுத்தபடியே எண்ணை அழுத்தினாள். "சார், வணக்கம், அமலா பேசுறேன். ஆமா சார், முடிஞ்சுது. இல்ல சார், இப்ப வர முடியாது. கோவிச்சுக்காதீங்க." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அமலா தலையைத் திருப்பி, பக்கத்தில் கிடந்த பிள்ளையை மேலும் கீழும் பார்த்தாள். "எப்பன்னா, வேதாரண்யத்துப் புள்ள ஒண்ணு இருக்கு சார். அது என்னத் தாண்டிப் போனதும் வந்துடுறேன்."

பவித்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஃபோன் பக்கமாக வாயைக் கொண்டுபோனாள்.

"அடுத்த மாசமே வந்துடுவாங்க சார், எடத்த வேற யாருக்கும் குடுத்துடாதீங்க."